அவளை எனக்குத் தெரியும்

ஃப்ரீமான்ட்,
மார்ச் 5, 2001

கிறிஸ்துவுக்குள் பிரியமான அத்தானுக்கு,

ஞானம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் ஜெபினாவும் சுகம். பாளையங்கோட்டையில் அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கல்யாண வீட்டுக் களைப்பெல்லாம் தீர்ந்து ஸ்டெஃபி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாளா, இன்னும் அங்கேதான் இருக்கிறாளா?

போனில் பேசினால் பேசின மாதிரியே இல்லை. நான் பத்து விஷயம் கேட்டால் நீங்கள் ‘ம்’, ‘சரி’, ‘பார்ப்போம்’ என்று முடித்துவிடுகிறீர்கள். கூடத்தில் அத்தை, ஸ்டெஃபி, புது மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் சித்தப்பா என்று ஊரே உட்கார்ந்திருக்கும்போது பாவம், நீங்களும்தான் என்ன பேசுவீர்கள். அதனால் எழுதுகிறேன். இதை மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்ப் படியுங்கள். அத்தை கேட்டால் எல்லாரும் சுகம் என்று எழுதியிருப்பதாகச் சொல்லுங்கள். பொய் இல்லை, சுகமாகத்தான் இருக்கிறோம்.

தங்கை கல்யாணத்துக்குப் போன மனிதர் தாலி கட்டி முடிந்ததும் திரும்பி வந்துவிடுவார் என்றுதான் இருந்தேன். விசா ஸ்டாம்பிங் என்றால் காலையில் கொடுத்து மாலையில் வாங்குகிற சங்கதி என்று நீங்களும்தானே சொன்னீர்கள். சென்னை கான்சுலேட்டில் அந்த ஆபீசர், இந்த வேலை இன்னும் இருக்கிறது என்று கம்பெனி புதிதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரிஜினல் கடிதம் வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கேட்டதிலும் தப்பில்லை. இங்கே தினம் ஒரு கம்பெனியில் ஆட்களை வேலையை விட்டு நிறுத்துகிறார்கள். நம் அபார்ட்மென்ட்டிலேயே கீழ் வீட்டு அகிலனும் பிரீத்தியும் போன வாரம் சோபாவைக் குப்பைத்தொட்டி ஓரமாக வைத்துவிட்டு ஈரோட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த சோபா இன்னும் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது.

உங்கள் எச்.ஆர். ட்ரேசிக்கு நாள் தவறாமல் போன் பண்ணுகிறேன். மெஷின்தான் பேசுகிறது. நானும் மெஷினுக்கு மரியாதையாக எல்லாம் சொல்லிவிட்டு வைக்கிறேன். ஒரே ஒரு தடவை ஆளே எடுத்து, ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்றாள். அதே கட்டிடத்தில் மேல் மாடியில் வேலை செய்கிற செல்வராஜ் அங்கிளிடம் விசாரித்தேன். உங்கள் பிரிவில் இன்னும் யாரையும் தொடவில்லை, ஆனால் யார் தலை எப்போது உருளும் என்று சொல்ல முடியாது என்றார். ஆறுதல் சொல்வதில் அவர் கெட்டிக்காரர், உங்களுக்குத்தான் தெரியுமே.

உங்கள் விசா நூலில்தான் எங்கள் இரண்டு பேருடைய விசாவும் தொங்குகிறது. வேலை போனால் நீங்கள் அங்கே, நாங்கள் இங்கே, கிரீன் கார்டு ஃபைல் வக்கீலின் அலமாரியில். ஜெபினா ஏழு வயதில் வந்தவள். இப்போது பாளையங்கோட்டைப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தால் அவள் என்ன ஆவாள்? இதை நினைத்துக்கொண்டே ஒரு நாள் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அது இன்னும் பயமாக இருந்தது.

இப்போது ஒன்று சொல்லப்போகிறேன், கோபப்படாதீர்கள். நான் ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்து ஒரு பொருத்தனை பண்ணியிருக்கிறேன்.

நம் தமிழ்ச் சபைக்கு சான் ஹோசேயில் பிற்பகலில் ஆலயம் தருகிற கறுப்பர் சபையின் பாடகர் குழுத் தலைவி சிஸ்டர் லோரெய்ன், நம் ஜெபினாவின் குரலைக் கேட்டுவிட்டு, தங்களோடு பாட அனுப்பும்படி இரண்டு மூன்று முறை கேட்டார்கள் அல்லவா? நீங்கள், அவர்களோடு ஆலயத்தைப் பங்குபோட்டுக்கொண்டால் போதும், பழக்கம் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். எனக்கும் அது சரி என்றுதான் அப்போது பட்டது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை, நம் ஆட்கள் வாசலில் வரிசையாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் முன்னால் போய் முழங்கால்படியிட்டேன். என் வாயில் தானாக வந்தது. அத்தான் இந்த மண்ணில் திரும்பக் கால் வைக்கும்வரை என் பிள்ளை இந்த ஆலயத்தில் இவர்களோடு பாடுவாள், இவர்கள் எதைப் பாடச் சொன்னாலும் பாடுவாள் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் ஜெபினா நின்றது எனக்குத் தெரியாது.

வேதத்தில் வருகிற அன்னாள்கூடப் பிள்ளை பிறந்த பிறகுதான் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டாள். நான் காரியம் நடப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டேன். இந்த ஊரில் எதற்கும் முதலில் டெபாசிட் கட்டிப் பழகிவிட்டது.

உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைத்தான் ஆண்டவருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. எளிதாகக் கொடுக்கக்கூடியதைக் கொடுத்தால் அது பொருத்தனை ஆகுமா, சொல்லுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், எட்டு வருஷமாக இந்த ஊர்த் தண்ணீர் குடித்த வயிறு அது. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. முக்கியமாக வரத்தை.

உங்கள்
ஞானம்


ஃப்ரீமான்ட்,
மார்ச் 28, 2001

அன்புள்ள அத்தானுக்கு,

ஞானம் எழுதிக்கொள்வது. சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை.

கடிதம் கிடைத்ததும் போனில் சத்தம் போட்டீர்கள். முதல் தடவையாகக் கூடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் பேசினீர்கள். அந்த மட்டில் சந்தோஷம். பொருத்தனைக்கு ஈடாக ஏதாவது காணிக்கை போட்டு மீட்டுக்கொள்ளலாம், வேதத்தில் லேவியராகமத்திலேயே வழி இருக்கிறது என்றீர்கள். நானும் எடுத்துப் பார்த்தேன். அங்கே ஆடு மாட்டுக்கும் வீட்டுக்கும் நிலத்துக்கும் விலை போட்டிருக்கிறது. ஆளுக்கும்கூடப் போட்டிருக்கிறது. பாட்டுக்கு மட்டும் போடவில்லை.

உங்கள் கோபம் இறங்குவதற்குள் இதைவிடப் பெரிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஜெபினா பாடப்போன முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். கடைசி வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தான், அவர்கள் கை தட்டுகிறது நம் மாதிரி இல்லை. நாம் தட்டி முடித்த பிறகு அவர்கள் தட்டுகிறார்கள். நான் தட்டப் போய், தனியாக ஒரு சத்தம் கேட்டு, முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டேன். ஆராதனை முடிந்ததும் குழுவில் பாடுகிற ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும், வேகமாக வந்து ஜெபினாவின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, ‘உன்னை எனக்குத் தெரியுமே குழந்தை, உன் முகத்தை நான் தினமும் துடைத்திருக்கிறேனே’ என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர்கள் பெயர் வில்லி மே. உங்கள் ஆபீசில் உங்கள் மாடியைச் சுத்தம் செய்துவந்தவர்கள். உங்கள் மேசையில் நாம் மூன்று பேரும் நிற்கிற படம் இருக்கிறதே, லிவர்மோர் மலைப்பக்கம் காற்றில் என் சேலை பறக்க எடுத்தது, அதை எடுத்துத் துடைத்து வைத்தது அவர்கள்தான். நீங்களெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு அவர்கள் வேலைக்கு வந்ததால், நீங்கள் ஒரு நாளும் அவர்களைப் பார்த்திருக்கமாட்டீர்கள். என்னையும் கட்டிப்பிடித்து, ‘நடுவில் நிற்கிற அம்மா’ என்றார்கள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வில்லி மேயின் கை இரண்டும் கட்டுப் போட்டிருக்கிறது. தரை துடைக்கிற மருந்து தோலை உரித்துவிட்டது. நல்ல கையுறை வேண்டும் என்று அவர்களும் வேறு நாலு பெண்களும் சேர்ந்து துப்புரவுக் காண்டிராக்டரிடம் கேட்டிருக்கிறார்கள். ஐந்து பேரையும் நிறுத்திவிட்டான். உங்கள் கம்பெனியிடம் முறையிட்டால், ‘அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, எங்களுக்கு அவர்களைத் தெரியாது’ என்று பதில் வந்திருக்கிறது. எத்தனையோ வருஷமாக அந்தக் கட்டிடத்தைத் துடைத்தவர்கள்.

அந்தப் பதிலை வைத்து சிஸ்டர் லோரெய்னும் வில்லி மேயும் ஒரு பாட்டு கட்டிவிட்டார்கள். பழைய ஞானப்பாட்டு மாதிரி ஆர்கனில் மெதுவாகத் தொடங்குகிறது. போகப்போக, ரேடியோவில் வருகிற பாட்டு மாதிரி இடுப்பை அசைக்க வைக்கிறது. ஆலயத்தில் இடுப்பை அசைப்பதா என்று கேட்காதீர்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். வார்த்தைகளை ஜெபினா எனக்கு எழுதிக்காட்டினாள். நம் மொழியில் சொன்னால் இப்படி வரும்:

நான் துடைத்த கண்ணாடியில் உன் முகம் பார்க்கிறாய்,
என் முகத்தை உனக்குத் தெரியுமா?
என் ஆண்டவர் வாசலில் வந்து கேட்கும் நாளில்
என் பெயரை உனக்குத் தெரியுமா?

அதற்குப் பிறகு முன்னால் நிற்கிற ஒருத்தி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறாள். வில்லி மே, டெல்ஃபினா, ரோசா, எர்லீன், மரியா எலேனா. ஒவ்வொரு பெயருக்கும் சபை முழுவதும் எழுந்து, ‘அவளை எனக்குத் தெரியும்’ என்று பதில் பாடுகிறது. பெயர் கூப்பிடுகிற அந்த ஒருத்தி யார் என்று நினைக்கிறீர்கள்? நம் பிள்ளைதான். நம் கீர்த்தனையில் இழுக்கிற மாதிரி அவள் ஒவ்வொரு பெயரிலும் ஒரு இழுப்பு போட்டாள். அது அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவளைத் தவிர யாரும் அதைப் பாடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஆலயத்துக்குள் பாடியவரைக்கும் சரி. பெரிய வியாழக்கிழமை அன்று, ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவிய நாளென்று, அந்தச் சபையார் எல்லாரும் உங்கள் கம்பெனி வாசலில் போய் நின்று இதைப் பாடப்போகிறார்கள். செய்தித்தாளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஜெபினாவுக்கு அந்த வாரம் பள்ளி விடுமுறை.

உங்கள் கடிதத்துக்காக எந்தக் கட்டிடத்தின் முன் நான் கை ஏந்தி நிற்கிறேனோ, அதே கட்டிடத்தின் முன் நின்று என் பிள்ளை அவர்களை நியாயம் கேட்கப்போகிறாள். உங்கள் வரவுக்காகப் பண்ணிய பொருத்தனையே உங்கள் வரவைக் கெடுக்குமோ என்று பயமாக இருக்கிறது. பொருத்தனையை முறித்தால் அதனாலேயே காரியம் கெடுமோ என்று அதைவிடப் பயம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். எந்தக் காலை எடுப்பது என்று நீங்களாவது சொல்லுங்கள்.

விஷயம் எப்படியோ நம் சபையில் தெரிந்துவிட்டது. செல்வராஜ் அங்கிள் வீட்டுக்கே வந்தார். ‘ஞானம், நான் சொல்லுதேன்னு தப்பா நினைக்காதீங்க. நாம வந்த இடத்துல இருக்க இடம் தெரியாம இருந்துட்டுப் போவணும். பிள்ளை முகம் பேப்பர்ல வந்துச்சுன்னா, ஆபீசுல இது உங்க வீட்டுக்காரர் சுந்தர்சிங் மவளான்னு ஒருத்தன் கேக்க மாட்டானா?’ என்றார். காப்பியைக் குடித்துவிட்டு, பாட்டு நல்லாத்தான் இருக்கு என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஜெபினாவோ, பாடுவது சட்டப்படி தப்பில்லை என்கிறாள். சட்டம் வேறு, எச்.ஆர். வேறு என்று இந்தப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வைப்பேன்?

நான் சும்மா இருக்கவில்லை. சிஸ்டர் லோரெய்னைப் பார்த்து நம் நிலைமையை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘உங்கள் குழந்தையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, பிள்ளைகளுக்காகத் தாய்கள் பயப்படாமல் வேறு யார் பயப்படுவது’ என்று சொல்லிவிட்டார்கள். சந்தோஷமாக வந்து ஜெபினாவிடம் சொன்னேன். அவள் புத்தகத்திலிருந்து நிமிரவே இல்லை. ‘அம்மா, யூ ப்ராமிஸ்ட் காட், நாட் சிஸ்டர் லோரெய்ன்’ என்றாள்.

என் மகள் என்று பெருமைப்படவும் முடியவில்லை, அடித்து உட்காரவைக்கவும் முடியவில்லை. நீங்கள் போன் பண்ணும்போது அவளைத் திட்டாதீர்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றைத்தான் இப்போது வீட்டில் போட்டுக்கொண்டு அலைகிறாள்.

ட்ரேசி இன்னும் அடுத்த வாரம் என்றே சொல்கிறாள். அத்தையிடம் சொல்லி எங்களுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். காரணம் கர்த்தருக்குத் தெரியும்.

உங்கள் நினைவாகவே இருக்கிற
ஞானம்


ஃப்ரீமான்ட்,
பெரிய வெள்ளிக்கிழமை
ஏப்ரல் 13, 2001

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கவரில் இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. கம்பெனி முத்திரை போட்டது கான்சுலேட்டுக்கு. அதைக் கசங்காமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். நீங்கள் கேட்ட எல்லாமே அதில் இருக்கிறது, நானே நிறுத்தி நிறுத்திப் படித்துப் பார்த்தேன். வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, நீங்கள் அவசியம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரிஜினல் கையெழுத்து, நீல மசி. இந்த இன்னொன்று உங்களுக்கு மட்டும். கிழித்துப்போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

புதன்கிழமை ட்ரேசி தானாகவே போன் பண்ணினாள். ஈஸ்டருக்கு ஊருக்குப் போகிறாளாம், வியாழக்கிழமை பிற்பகல் நேரில் வந்தால் கடிதத்தைக் கையில் தந்துவிடுவதாகச் சொன்னாள். எந்த வியாழக்கிழமை என்று உங்களுக்குத் தெரியும். வேறு நாள் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை நாள் காத்திருந்ததை நினைத்து, சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். ஜெபினாவிடம் அப்பாவின் கடிதம் வாங்கப் போகிறேன் என்று சொன்னேன். நல்லது என்றாள். அவளைச் சபை வேனில் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் உங்கள் காரை எடுத்துக்கொண்டு ஃப்ரீவேயில் போனேன். ஆமாம், ஃப்ரீவேயில்தான். லாரிகளுக்கு நடுவில் ஸ்டீரிங்கைப் பிடித்த கை வலித்துப் போனது. வாசலில் கூட்டம் இன்னும் சேரவில்லை. பின்பக்கமாக நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கதவு வழியாகப் போனேன். ஆட்டைத் திருடினவள் மாதிரி இருந்தது.

ட்ரேசி நல்ல பெண் அத்தான். நான் நினைத்த மாதிரி இல்லை. தண்ணீர் கொடுத்தாள். இத்தனை நாள் இழுத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள். அவளுக்கே அவள் வேலை இருக்குமா என்று தெரியாதாம். கடிதத்தை அச்செடுத்து, பேனா மூடியைத் திறந்தாள். அந்த நேரத்தில் கீழேயிருந்து பாட்டு கேட்டது.

முதலில் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். ஆர்கன் இல்லை, கை தட்டல் மட்டும். ட்ரேசி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து ஜன்னலுக்குப் போனாள், என்னையும் கூப்பிட்டாள். கீழே புல்தரையில் வெள்ளை அங்கி போட்டு ஒரு ஐம்பது பேர் இருப்பார்கள். முன்னால் தனியாக நம் பிள்ளை. அங்கி அவளுக்குப் பெரிதாக இருந்தது, கை முழுவதும் மூடியிருந்தது. பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினாள். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கண்ணாடி மூடியிருந்தும் உள்ளே வந்தது.

‘எவ்வளவு அழகு’ என்றாள் ட்ரேசி. அந்த முன்னால் நிற்கிற பெண் இந்தியப் பெண் மாதிரி இருக்கிறாளே என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, உனக்கு அவளைத் தெரியுமா என்று கேட்டாள்.

நான் தெரியாது என்று சொன்னேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அவள் கையில் பேனா இருந்தது, காகிதத்தில் கையெழுத்து இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கீழே ஐம்பது பேர், ‘அவளை எனக்குத் தெரியும், அவளை எனக்குத் தெரியும்’ என்று பாடிக்கொண்டிருக்கிறார்கள். பெற்றவள் மேலே நின்று தெரியாது என்கிறேன். ட்ரேசி வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள். போடும்போது அவள் கண் கலங்கியிருந்தது. என் மகள்தான் என்று சொல்லியிருந்தாலும் போட்டிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. போட்டிருக்கமாட்டாள் என்றும் தோன்றுகிறது. இனி எனக்கு அது தெரியப்போவதில்லை.

அதோடு விட்டேனா? உங்கள் இடம் அப்படியே இருக்கிறது, கவலைப்படாதே என்று காட்டுவதற்காக ட்ரேசி என்னை உங்கள் மேசை வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். நம் படம் அங்கே இருந்தது. மேலே தூசி படிந்திருந்தது, இப்போது அதைத் துடைக்க ஆள் இல்லை. ட்ரேசி பார்த்துவிடுவாளோ என்று, மேசையைத் தொடுகிற மாதிரித் தொட்டு, படத்தைக் குப்புறக் கவிழ்த்தேன். இந்தக் கையால்தான் கவிழ்த்தேன்.

கீழே பக்கத்துக் கதவு வரைக்கும் அவள் கூட வந்தாள். வெளியே வந்தால் கதவுக்கு நேராகவே வில்லி மே, கட்டுப் போட்ட கையோடு, குழுவின் ஓரத்தில் நிற்கிறார்கள். ஞாயிறு தவறாமல் நடுவில் நிற்கிற அம்மா என்று கட்டிப்பிடிக்கிறவர்கள். என்னைப் பார்த்தார்கள், என் பக்கத்தில் ட்ரேசியைப் பார்த்தார்கள், என் கையில் கவரைப் பார்த்தார்கள். பிறகு என்னைத் தெரியாதவர்கள் மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். கோபத்தில் இல்லை அத்தான். எனக்காகத்தான் அப்படிச் செய்தார்கள். நான் என் பிள்ளையைத் தெரியாது என்றேன், அவர்கள் என்னைக் காப்பாற்றுவதற்காக என்னைத் தெரியாதவர்களாக நின்றார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஜெபினாவும் என்னைப் பார்த்தாள். பாட்டை விடாமலே, அந்தப் பெரிய அங்கிக்குள்ளிருந்து கையைக் கொஞ்சம் தூக்கினாள். நான் கவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்தாள். தொண்டை கட்டியிருந்தது. வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். ‘டிட் அப்பா கெட் ஹிஸ் லெட்டர்?’ கிடைத்தது என்றேன். ஸ்தோத்திரம் என்று தமிழில் சொல்லிவிட்டு, மிளகு ரசம் கேட்டு வாங்கிக் குடித்தாள். ஏன் கை காட்டவில்லை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். மேலே ஜன்னலருகில் நான் சொன்னது அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

கம்பெனி அடுத்த வாரம் வில்லி மேயோடும் மற்றவர்களோடும் பேசக் கூப்பிட்டிருக்கிறதாம். திரும்ப எடுப்பார்களா, பேசி அனுப்பிவிடுவார்களா, யாருக்கும் தெரியாது. இன்று பேப்பரில் படம் வந்திருக்கிறது. கூட்டத்தின் நடுவில் ஜெபினாவின் முகம் சின்னதாக இருக்கிறது. பெயர் போடவில்லை. செல்வராஜ் அங்கிள் போன் பண்ணி, பேர் போடலை, தப்பிச்சோம் என்றார். தப்பித்தோம்தான்.

இன்று மும்மணி ஆராதனையில் பேதுரு நெருப்பண்டையில் நின்று ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலிக்கிற பகுதியை நான் வாசிக்க வேண்டும் என்று போன மாதமே எழுதி வைத்திருந்தார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லி வேறு ஒருவரை வாசிக்கச் சொன்னேன். பேதுரு மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது. எனக்கு ஒரே தடவை போதுமாக இருந்தது.

நாளை காலையில் அங்கிள் இந்தக் கவரைக் கூரியரில் சேர்த்துவிடுவார். நிச்சயமாக ஸ்டாம்பிங் ஆகிவிடும் என்று என் மனது சொல்கிறது. ஜெபினா தன் பங்கைக் குறைவில்லாமல் செய்துவிட்டாள், இனி கர்த்தர் தம் பங்கைச் செய்யட்டும். நீங்கள் வேலைக்குப் போகிற முதல் நாள், கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் மேசையில் கவிழ்ந்து கிடக்கிற படத்தை நிமிர்த்தி வையுங்கள். கர்ச்சீப்பால் அல்ல, நல்ல துணி கொண்டுபோய்த் துடையுங்கள்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், எனக்காகச் செய்யுங்கள். ஏர்போர்ட்டில் நீங்கள் வெளியே வருகிற இடத்தில் நாங்கள் நிற்போம். பெரிய கூட்டமாக இருக்கும். நீங்கள் சத்தம் போட்டுக் கூப்பிடுகிற ஆள் இல்லை, பெட்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்த பிறகுதான் சிரிப்பீர்கள். அன்று ஒரு நாள் மட்டும் தூரத்திலிருந்தே, உரக்க, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். எல்லாரும் திரும்பிப் பார்க்கட்டும். யாராவது யார் அது என்று கேட்டால், என் மகள் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள் அத்தான். எனக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஞானம்